நேவி புளூ டி-ஷர்ட்டில் தெரியாமல் போன ஊசி ஓட்டைகள்

திருப்பூரில், தைத்து வரும் ஆடைகளுக்குச் செக்கிங், அயர்ன், பேக்கிங் மட்டும் செய்து கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். தொடங்கிய மூன்றாவது ஆண்டில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது வந்த ஒரே ஆர்டரில் 1,13,000 ரூபாயை இழந்தேன். தைத்தவர் ஊசியை மாற்றவில்லை என்றும், துணி சரியில்லை என்றும் பழியை எங்கே வேண்டுமானாலும் இறக்கி வைக்கலாம். ஆனால் அந்தப் பழுதுகளைப் பார்த்துப் பிரித்தெடுப்பதற்காகத்தான் எனக்குக் கூலி தரப்பட்டது. அவை என் மேசையைக் கடந்து, என் கண்முன்னே பெட்டிக்குள் போயின. இந்தத் தொழிலில் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தவள் நான். பொருள் கண்ணெதிரே இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி என்று யாரேனும் முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்காது, ஐந்து பெண்களை நான் பேசிய பேச்சும் நடந்திருக்காது.

ஆர்டர் சிறியதுதான். குழந்தைகளுக்கான நேவி புளூ டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி, மொத்தம் 4,800 பீஸ், பெட்டிக்கு 48 வீதம் 100 பெட்டி. பீஸுக்கு 6 ரூபாய் பேசியிருந்தோம். ஆக 28,800 ரூபாய். செக்கிங்கில் ஐந்து பெண்கள், ஒன்றரை ஷிஃப்ட் வேலை, ஒரு பீஸுக்கு ஏறத்தாழ அரை நிமிடம். முதல் நாள் வந்த பீஸ்கள் மிகச் சுத்தமாக இருந்தன. அங்கங்கே வெள்ளை நூல் நீட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். நூலை வெட்டினோம், கறையை எடுக்க அனுப்பினோம். ரிப் எனும் கழுத்துப் பட்டையை ஒட்டி வரும் ஊசி ஓட்டை, நாங்கள் நீடில் கட் என்று சொல்வது, நூறு பீஸுக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை. நல்ல லாட் என்று மகிழ்ந்து போனேன். அந்த மகிழ்ச்சிதான் முதல் தவறு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆர்டர் கொடுத்த பையரின் தரப் பரிசோதகர், க்யூ.சி., வந்தார். நூறு பெட்டியில் பத்தைத் தேர்ந்து 200 பீஸ்களை எடுத்தார். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு வழக்கமான அளவில் 200 பீஸ் பார்க்க வேண்டும், ஏ.க்யூ.எல். எனும் ஏற்கத்தக்க பழுது வரம்பு 2.5 என்றால் பெரிய பழுது 10 வரை ஏற்பார்கள், 11 ஆனால் லாட் முழுவதும் ஃபெயில். அவர் ஒவ்வொரு பீஸின் கழுத்தையும் இரண்டு கையாலும் இழுத்து, தன் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தார். 13 வந்தது. பதின்மூன்றும் நீடில் கட். அவர் ஒன்றும் கடிந்து பேசவில்லை. ஒவ்வொன்றாக அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு வந்தது வருத்தமில்லை, கோபம். பெண்களைக் கூப்பிட்டு, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் கேட்டேன்; அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்ப மூன்று நாள்தான் இருந்தது. நூறு பெட்டிகளையும் உடைத்து, 4,800 பாலிபேக்குகளையும் பிரித்து மறுசெக்கிங் தொடங்கினோம். முதல் இரவு, மற்றவர்களை அனுப்பிவிட்டு, நானே தனியாக உட்கார்ந்து விடியும்வரை 900 பீஸ் பார்த்தேன். பணம் என்னுடையது, ஆகவே என் கண் தவறாது என்று நம்பினேன். காலையில் வந்த மூத்த பெண் ஒருவர் நான் பார்த்து முடித்த குவியலிலிருந்து ஒரு பீஸை எடுத்து, உள்ளே கையை விட்டு, வாசல் வெளிச்சத்தில் விரித்தார். கழுத்துக்குக் கீழே குண்டூசி முனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி. "அக்கா, இதுலயும் இருக்குதுங்க" என்றார், சத்தம் குறைத்து. அந்த 900-ஐயும் அவர் அதே வழியில் பார்த்து முடித்தபோது நான் விட்டவை 11. அவர்களுக்கு நான் சொன்ன வசவெல்லாம் அப்போது என்னிடமே திரும்பி வந்தது.

அன்று காலையே தெர்மாகோல் அட்டை வாங்கி, டி-ஷர்ட்டுக்குள் நுழையும் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு பீஸுக்குள்ளும் நுழைத்து இழுத்துப் பார்த்தோம். நீல நூலிடையே நீல இருட்டாக ஒளிந்திருந்த ஓட்டைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தாமே வெளியே வந்தன. மொத்தம் 212 பீஸ் பிடிபட்டன. தையலுக்குக் கட்டுக்கட்டாகப் பிரிக்கும்போது இடும் பண்டில் எண்ணை வைத்துப் பார்த்ததில் 187 ஒரே மெஷினில் தைத்தவை. கடைசி 1,300 பீஸுக்குள் வந்தவை. இரண்டாம் இன்ஸ்பெக்ஷனில் நான்கே பழுது வந்து லாட் பாஸாகிவிட்டது, ஆனால் கப்பலுக்கான நேரம் கடந்துவிட்டது. சரக்கு விமானத்தில் போனது, அந்தச் செலவில் என் பங்கென்று 86,000 ரூபாயைப் பிடித்தம் செய்யும் டெபிட் நோட் வந்தது. எனக்கு வர வேண்டிய 28,800 அதிலேயே கழிந்தது. மீதி 57,200-ஐ வளையல் இரண்டை அடகு வைத்துக் கட்டினேன். மறுவேலைக் கூலி 19,400, புது பாலிபேக்கும் பெட்டியும் டேப்பும் 7,600. வளையல் திரும்பி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

என் அக்கா மகள் கோவையில் கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவளிடம் புலம்பியபோது அவள் என்னைத் தேற்றவில்லை. மாறாக, கையை நேரே நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னாள். "சித்தி, உங்க கண்ணு கூர்மையா பாக்கறது அந்த நகத்தோட அகலம் அளவுதான், மத்ததெல்லாம் மங்கல்" என்றாள். அந்தக் கூர்மையான சிறு வட்டம் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் தாவுகிறது; தாவும் கணத்தில் கண் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. அரை நிமிடத்தில் ஏறத்தாழ நூறு இடத்தில் கண் நிற்கும். ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, உள்தையல் எல்லாவற்றையும் நகத்தளவு நகத்தளவாகப் பார்க்க அது போதாது. ஆகவே முழு பீஸையும் பார்த்துவிட்டேன் என்று எந்தச் செக்கர் சொன்னாலும், அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது உண்மையுமில்லை. கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால், கண்ணை எது இழுக்கிறதோ அங்கே போய் நிற்கும்.

எது இழுக்கும் என்பதைத்தான் ஆன் டிரீஸ்மன் என்ற உளவியல் அறிஞர், கேரி கெலேட் என்பவருடன் சேர்ந்து 1980-இல் எழுதிய ஆய்வில் விளக்கினார். பச்சை நிறப் பொருள்களிடையே ஒரே ஒரு சிவப்பு இருந்தால், சுற்றிலும் பத்துப் பொருள் இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் அது உடனே கண்ணில் பட்டுவிடும். நிறமும் வடிவமும் சேர்ந்தால்தான் அடையாளம் தெரியும் என்கிற பொருளாக இருந்தால், சுற்றியுள்ளவை கூடக் கூடத் தேடும் நேரமும் கூடிக்கொண்டே போகும். என் மேசையில் வெள்ளை நூல் முதல் வகை. நீலத் துணியில் நீல ஓட்டை இரண்டாம் வகையைவிடவும் கடினமானது, ஏனெனில் தேடுகிற பொருள் சுற்றுப்புறத்தைப் போலவே இருந்தது. நாங்கள் கவனத்தைக் கூட்டினால் ஓட்டை தெரியும் என்று நினைத்தோம். வேண்டியிருந்தது கவனமில்லை, ஓட்டையை வெள்ளை நூலைப் போல ஆக்கும் ஒரு அட்டை. இப்போது எந்த ஆர்டர் வந்தாலும் நான் முதலில் கேட்பது, இந்தத் துணியில் வரக்கூடிய பழுதை எந்தப் பின்னணியில், எந்தப் பக்க வெளிச்சத்தில் வைத்தால் அது தானாகத் துள்ளித் தெரியும் என்பதைத்தான். ஓட்டைக்கு உள்ளே அட்டை. பின்னல் ஊசியால் துணியில் நீளவாக்கில் விழும் ஊசிக்கோட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்த டியூப்லைட். அட்டைக்கு ஆன செலவு மொத்தம் 240 ரூபாய். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இல்லாததைத் தேடுவது இருப்பதைத் தேடுவதைவிடக் கடினம் என்பதையும் அக்கா மகள்தான் காட்டினாள். ஒரு தாள் முழுவதும் "ட" என்று நெருக்கமாக எழுதி நடுவே ஒரு "ட்" வைத்தாள். புள்ளி கண்ணைப் பிடித்திழுத்தது. பிறகு தாள் முழுவதும் "ட்" எழுதி நடுவே புள்ளியில்லாத ஒரு "ட" வைத்தாள். வரி வரியாகத் தேட வேண்டியதாயிற்று. வட்டங்களிடையே வால் வைத்த வட்டம் சீக்கிரம் கிடைக்கும், வால் வைத்தவற்றிடையே வெறும் வட்டம் தாமதமாகத்தான் கிடைக்கும் என்று டிரீஸ்மனே 1985-இல் காட்டியிருக்கிறாராம். செக்கிங்கில் இதன் பொருள் பெரிது. கறை, நீட்டிய நூல், ஓட்டை ஆகியவை கூடுதலாக வந்தவை. வாஷ்கேர் லேபிள் இல்லாதது, ஒரு தையல் விட்டுப்போனது, பட்டன் ஒன்று குறைந்தது ஆகியவை இல்லாமற் போனவை. இரண்டாம் வகையைக் கண்ணிடம் விடக் கூடாது. லேபிளை விரலால் தொட வேண்டும், பட்டனை எண்ண வேண்டும். தொடாமல் பீஸ் நகரக் கூடாது என்பது எங்கள் யூனிட்டில் இப்போது சட்டம்.

அடுத்து, என்னை மிகவும் உறுத்திய விஷயம். முதலில் பிடிபட்ட 13 பீஸ்களில் 7 பீஸ்களில் கறை எடுத்த இடத்தில் ஈரம் காய்ந்த வளையம் இருந்தது. அதாவது அவை ஏற்கெனவே எங்கள் செக்கரால் பழுதென்று பிடிக்கப்பட்டு, கறை எடுக்கப் போய், திரும்பி வந்தவை. ஒரு பழுதைக் கண்டவுடன் கை அந்த பீஸை ஒதுக்கிவிடுகிறது. மனம் "இதில் கண்டுபிடித்தாயிற்று" என்று கணக்கை மூடிவிடுகிறது. கறை போய்த் திரும்பி வரும்போதோ அது செக்கிங் முடிந்த பீஸாகவே மதிக்கப்பட்டு நேரே அயர்ன் மேசைக்குப் போகிறது. எக்ஸ்-ரே பார்க்கும் மருத்துவர்களிடமும் இதே பிழை உண்டு. ஒரு கோளாறைக் கண்டபின் அதே படத்தில் உள்ள இன்னொன்றை விட்டுவிடுவதற்கு அவர்கள் துறையில் தனிப் பெயரே இருக்கிறது. ஆகவே பழுது கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கழுத்தில் தொடங்கிய சுற்றை முழுவதுமாக முடித்த பிறகே பீஸை ஒதுக்கச் சொல்கிறேன். திரும்பி வரும் பீஸ் எதுவாயினும் புது பீஸ்தான், முதலிலிருந்து பார்க்க வேண்டும். சுற்றும் எல்லாருக்கும் ஒன்றே: கழுத்து, வலத்தோள், வலக்கை, பக்கத்தையல், அடிமடிப்பு, இடப்பக்கம் வழியே மேலே. முன்னால் கை போகும், பின்னால் கண் போகும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அரிதாக வருவதைக் கண் விட்டுவிடும் என்பது. அமெரிக்காவில் ஜெரமி வுல்ஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட சோதனையில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பார்ப்பவர்கள் 7 சதவீதத்தை விட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதத்தை விட்டார்கள். அதே மனிதர்கள், அதே கண்கள்தான். இல்லை, இல்லை, இல்லை என்று பலமுறை விடை வந்தபின், மனம் "இல்லை" என்று சீக்கிரமாகச் சொல்லப் பழகிவிடுகிறது. என் லாட்டில் நடந்தது இதுவே. முதல் 3,500 பீஸில் ஊசி ஓட்டை இல்லை என்றே கண் பழகியிருந்தது. முனை மழுங்கிய ஊசியில் தைத்த பண்டில்கள் வந்தபோது, அந்தப் பழக்கத்தை உடைக்க யாரும் இல்லை. முதல் செக்கிங்கில் நாங்கள் ஊசி ஓட்டை என்று ஒதுக்கியவை 61 மட்டுமே; விட்டவை 212. நல்ல லாட் என்று நான் மகிழ்ந்து வாய்விட்டுச் சொன்னதும் அந்தப் பழக்கத்தை வளர்த்திருக்கும்.

விமான நிலையங்களில் பைகளை ஸ்கேன் செய்பவர்களுக்கு இதே ஆபத்து இருப்பதால், கணினியே இடையிடையே பொய்யான துப்பாக்கிப் படத்தைத் திரையில் புகுத்தும் முறை உண்டு. அதைப் பார்த்து நானும் ஒவ்வொரு நூறு பீஸிலும் தெரிந்தே ஐந்து பழுது பீஸ்களைக் கலக்கிறேன். கலந்தது எத்தனை என்று செக்கர்களுக்குத் தெரியும், எவை என்று தெரியாது. ஐந்தும் கிடைத்தால் அன்று டீயுடன் பஜ்ஜி என் செலவு. இதில் ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். கலந்த பீஸ் திரும்பி வராவிட்டால் நாமே பழுதைப் பெட்டிக்குள் அனுப்பியவர்கள் ஆவோம். ஒருமுறை ஒன்று குறைந்தது. டேப் ஒட்டிய பதினொரு பெட்டிகளைப் பிரித்தபின், அது அயர்ன் மேசைக்கு அடியில் விழுந்து கிடந்தது. அதன்பின், கலக்கும் பீஸின் உள்தையலில் சிவப்பு நூல் முடிச்சு போட்டு, நோட்டில் எழுதி, எண்ணி வாங்கிய பிறகுதான் பேக்கிங் தொடங்குகிறது. இன்னொன்றும் கண்டேன்: கலக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் நல்ல பீஸையும் பழுதென்று ஒதுக்குவது கூடியது. அந்தக் கூடுதல் வேலையைத் தாங்கிக்கொள்ளலாம். டெபிட் நோட்டை எங்களால் தாங்க முடியாது.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்மன் மேக்வொர்த் என்பவர் ரேடார் பார்க்கும் பிரிட்டிஷ் விமானப்படையினருக்காக ஒரு கடிகாரச் சோதனையை அமைத்து 1948-இல் எழுதினார். அரிதாக நிகழும் ஒரு சிறு தாவலைக் கவனிக்கும் திறன் முதல் அரை மணி நேரத்திலேயே குறையத் தொடங்குகிறது என்று அதில் தெரிந்தது. நாங்களோ ஒன்றரை ஷிஃப்ட் முழுவதும் ஒருவரை ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தோம். நான் இரவு முழுவதும் தனியாக உட்கார்ந்தேன். என் 11 பீஸ்கள் எந்த நேரத்தில் பார்த்தவை என்று எனக்குத் தெரியாது, ஆனால் மூன்று மணிக்குமேல் நான் பார்த்தது துணியை இல்லை, துணி இருக்கும் திசையை. இப்போது அரை மணிக்கொருமுறை செக்கிங்கில் இருப்பவர் மடிப்புக்குப் போகிறார், மடிப்பில் இருப்பவர் செக்கிங்குக்கு வருகிறார். பீஸ் ரேட்டில் இதைச் செய்தால் கணக்கு குழம்பும், அவர்களுக்கும் பிடிக்காது. ஆகவே செக்கிங்குக்கு மட்டும் நாள் கூலிக்கு மாறினேன். செலவு கூடியது என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவது ஆள் மறுபடி பார்த்தால் தப்பாது என்பதும் என் பழைய நம்பிக்கை. அந்த லாட்டிலும் கடைசியில் ஒருவர் மறுபார்வை பார்த்தார். பின்னர் அமைதியாகக் கேட்டபோது அவர் சொன்னது: "முன்னாடி அவ பாத்திருப்பாள்னு நெனச்சேனுங்க்கா." முன்னால் இருந்தவரோ பின்னால் ஒருவர் பார்ப்பார் என்று நினைத்திருக்கிறார். இப்போது மறுபார்வைக்குப் போகும் பீஸ் கட்டுக்குள், பார்த்த பீஸும் பார்க்காத பீஸும் கலந்தே இருக்கும். எது எது என்று சொல்வதில்லை. எந்தப் பழுதைத் தேட வேண்டும் என்பதையும் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன். அன்றைய ஆர்டரின் துணியிலேயே உள்ள பழுது பீஸை அட்டையில் குத்தி மேசைக்கு மேலே தொங்கவிடுகிறோம். "சின்ன ஓட்டை" என்ற சொல்லைக் கேட்டு ஐந்து பேர் ஐந்து அளவில் கற்பனை செய்வார்கள். கண்ணால் பார்த்ததைத் தேடுவது சுலபம்.

2013-இல் வுல்ஃபின் குழுவினர் நுரையீரல் ஸ்கேன் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தை மறைத்து வைத்து, சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கொரில்லா அந்தக் கட்டிகளைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் பலரின் பார்வை அதன் மேலேயே பட்டு நகர்ந்திருந்தது. இதை என் செக்கர்களுக்கு மதிய உணவின்போது சொன்னேன். ஒருத்தி சிரித்துக்கொண்டே, "அந்த டாக்டருங்கள யாரு திட்டுனாங்க்கா?" என்று கேட்டாள். நான் தயிர்சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை அன்றுதான் அவர்களிடம் சொன்னேன், ஓராண்டு தாமதமாக.

இந்த வாரம் வந்திருப்பது வெள்ளை நிறக் கைக்குழந்தை உடுப்பு, 2,600 பீஸ். க்யூ.சி. 125 பார்ப்பார், 7 வரை விடுவார். வெள்ளைத் தெர்மாகோல் இதற்கு உதவாது. கறுப்பு பெயின்ட் அடித்த மெல்லிய பலகை ஆறு வேண்டுமென்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், நாளை மாலைக்குள் தருகிறாராம். அதுவரை பண்டில்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.